நோட்டுல ஏறாத செலவு: வட்டியும் தேய்மானமும்

உரக்கடை பாக்கி இல்லை, பூச்சிமருந்துச் செலவும் இல்லை. அப்படியும் வருசக் கடைசியில கையில காசு நிக்கலைன்னு இயற்கை உழவர்கள் பலர் சொல்றாங்க. விதை, உழவு, ஆள்கூலி, வண்டி வாடகை எல்லாம் நோட்டுல ஏறிடுது. விடுபடுறது வட்டியும் தேய்மானமும்தான். ரெண்டையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வட்டி

'நூத்துக்கு ரெண்டு வட்டி' என்பது மாத வட்டி. வருசத்துக்கு 24 சதவீதம். 50,000 ரூபாய் வாங்கினா மாசம் 1,000 ரூபாய். வட்டியை மட்டும் கட்டிக்கிட்டு வந்தா 50 மாசத்துல வாங்கின தொகை முழுக்க வட்டியாகவே போயிருக்கும். அசல் அப்படியே நிற்கும். கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி ஏறினா 35 மாசத்துல கடன் ரெண்டு மடங்கு.

தவணைக் கடனில் 'வட்டி 12 சதவீதம்தான்' என்பார்கள். வட்டி முழு அசலுக்கா, மீதி இருக்கும் அசலுக்கா என்று கேளுங்க. 1 லட்சம் ரூபாய், 2 வருசத் தவணை என்று வைத்துக்கொள்வோம். முழு அசலுக்கு என்றால் வட்டி 24,000, மாதத் தவணை 5,167 ரூபாய். மீதி அசலுக்கு என்றால் தவணை சுமார் 4,707, மொத்த வட்டி சுமார் 13,000. சதவீதம் ஒண்ணுதான், வித்தியாசம் 11,000 ரூபாய்! முதல் முறையில் நாம் திருப்பிக் கட்டிய அசலுக்கும் சேர்த்து வட்டி போடுறதால, உண்மையான வட்டி 21 சதவீதத்தைத் தாண்டிடுது.

தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடனை கெடு தேதிக்குள் கட்டினால் வட்டி இல்லை. கெடு தாண்டினால் அந்தச் சலுகை போச்சு. அதனால கையில பணம் வந்ததும் கெடு நெருங்கும் சங்கக் கடனை முதலில் முடிங்க. மிச்சப் பணத்தை வட்டி அதிகமான கடனுக்குக் கட்டுங்க.

தேய்மானம்

60,000 ரூபாய்க்கு பவர் வீடர் வாங்குறோம். 8 வருசம் உழைக்கும், அப்புறம் 12,000-க்குப் போகும் என்று வைத்தால், தேய்வது 48,000. வருசத்துக்கு 6,000 ரூபாய். பெட்ரோல், ரிப்பேர் தனி.

வருசத்துக்கு 10 நாள் ஓட்டினால் ஒரு நாள் தேய்மானம் 600 ரூபாய். நாலு பேர் கூட்டாக வாங்கி 40 நாள் ஓட்டினால் 150 ரூபாய். ஓட்டம் கூடினால் ஆயுள் கொஞ்சம் குறையலாம், ஆனாலும் சும்மா நிற்கும் கருவிதான் விலை அதிகமான கருவி. ஊரில் வாடகைக்குக் கிடைத்தால் அந்த வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்க.

இன்னொன்று: கருவியைக் கடனில் வாங்கினால் தவணை முழுவதையும் செலவில் எழுதி, தேய்மானத்தையும் எழுதாதீங்க. அசலை ரெண்டு தடவை கழித்ததாகிவிடும். தவணையில் உள்ள வட்டியும் தேய்மானமும் மட்டுமே அந்த வருசச் செலவு. ஆனா தவணைக்கான ரொக்கம் கையில இருக்கணும், அதைத் தனியா பார்த்துக்குங்க.

முதலீடு

கூலி, உழவு போல ஒரு போகத்தில் தீரும் செலவுக்கு ஒரு போகத்தில் அடையும் கடன் போதும். கிணறு, வேலி போன்றவற்றுக்கு நீண்டகாலக் கடன் பொருந்தும். 3 வருசம் உழைக்கும் பொருளுக்கு 5 வருசக் கடன் வாங்கினால், பொருள் போன பிறகும் தவணை நிற்கும்.

புதிதாக இயற்கைக்கு மாறுகிறவர்களுக்கு முதல் ரெண்டு மூணு வருசம் விளைச்சல் குறையலாம். பழைய விளைச்சலை நம்பித் தவணை பேசாதீங்க. அந்தக் காலத்தில் சணப்பு, தக்கைப்பூண்டு விதைக்கும், தொழுவுரத்துக்கும் போடும் பணம் சிறியது. அடுத்தடுத்த போகத்துக்கும் மண்ணில் நிற்கும்.

இந்த அறுவடையில் நோட்டில் ரெண்டு வரி சேருங்க: கட்டிய வட்டி, கருவிகளின் தேய்மானம். அதையும் கழித்து நிற்பதுதான் நம்ம வருமானம். விளைபொருளுக்கு விலை சொல்லும்போது அந்தக் கணக்கை வைத்துச் சொல்லுங்க.