வீடும் வெயிலும் – 9: திறக்கவும் வேண்டும், அடைக்கவும் வேண்டும்

வேதாரண்யத்துக் கதவின் கதை ஊரறிந்தது. வேதங்கள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கோயில் கதவைத் திறக்க அப்பர் பாடினார். மறுபடி அடைக்கச் சம்பந்தர் பாடினார். அப்பருக்கு ஒரு பதிகம் முழுக்கத் தேவைப்பட்டது, சம்பந்தருக்கு முதல் பாட்டே போதுமாயிற்று. கடலோரத்தில் வீடு கட்டியவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது. உப்புக் காற்றில் நாலைந்து மழைக்காலம் கண்ட இரும்பு ஜன்னலும் அப்படித்தான். அடைப்பது சுலபம், கீல் இறுகிவிட்டால் திறக்கத்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

போன வாரம் கூரையைப் பார்த்தாயிற்று. இந்த வாரம் ஜன்னல்.

“டபுள் கிளாஸ் போட்டுடுங்க சார், சூடு உள்ளயே வராது” என்பது கடைகளில் இப்போது சகஜமாகக் கேட்கும் பேச்சு. குளிர் நாட்டில் அது சத்தியம். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒற்றைக் கண்ணாடியில் சதுர மீட்டருக்குச் சுமார் 5.7 வாட் வெப்பம் கடக்கும்; நடுவில் காற்றை அடைத்த இரட்டைக் கண்ணாடியில் அது ஏறக்குறைய 2.8. வெளியே மைனஸ் பத்து, உள்ளே இருபது என்றால் வித்தியாசம் முப்பது டிகிரி. மிச்சம் 87 வாட். வேதாரண்யத்தில் வெளியே 36, ஏ.சி. அறைக்குள் 26 என்று வைத்தால் மிச்சம் 29 வாட்தான். ஏ.சி. இல்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கும் வீட்டில் மிச்சம் எதுவுமில்லை.

அதே நேரம், மாலை நாலு மணிக்கு மேற்கு ஜன்னலில் நேராக விழும் வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட்டைத் தாண்டும். சாதாரணக் கண்ணாடி அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் உள்ளே விடும். சாதாரண இரட்டைக் கண்ணாடியும் எழுபதுக்கு மேல் விட்டுவிடும். ஆக, இந்த ஊரில் முதல் எதிரி வெளிக்காற்றின் சூடு அல்ல, நேர் வெயில். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மறிக்க வேண்டும். உள்ளே தொங்கும் திரைச்சீலை கண்கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் அதற்குள் சூடு வாசல் தாண்டி வந்துவிட்டது.

மறிப்பதிலும் திசை பார்க்க வேண்டும். வேதாரண்யம் பத்தரை டிகிரி அட்சரேகைக்குப் பக்கம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிப்பொழுதுச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கும். கத்திரி வெயிலில் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உச்சி வெயிலுக்கு இரண்டடி சன்ஷேடு போதும். மேற்கு வெயில் அதற்கு அடியில் புகுந்து கட்டில் வரைக்கும் வந்துவிடும். அங்கே மூங்கில் தட்டி, வெளிப்பக்கம் திறக்கும் மரக்கதவு, முடிந்தால் ஒரு பூவரசு. வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிடும் வழக்கம் வாசனைக்கு நல்லது. ஈரம் ஏற்கெனவே நிறைந்த கடலோரக் காற்றில் தண்ணீர் சுலபமாக ஆவியாகாது. உள்நாட்டு வறண்ட ஊர்களில் கிடைக்கும் குளிர்ச்சியை எதிர்பார்க்கக் கூடாது.

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி, கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் மணிக்கு 100 கி.மீ.க்கு மேல். அப்படிப்பட்ட காற்றில் ஒரு ஜன்னல் உடைந்தால் உடைவது ஜன்னல் மட்டுமல்ல. உள்ளே புகுந்த காற்று கூரையை அடியிலிருந்து தூக்கும். பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் கிடையாது. ஏ.சி.யை நம்பி, திறக்காத கண்ணாடி வைத்த அறை அந்த நாட்களில் எப்படியிருக்கும்?

அடுத்த மாதமே, டிசம்பரில், மத்திய அரசு வீடுகளுக்கான எரிசக்தி விதிகளை ‘எகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் வெளியிட்டது. சின்ன மனைகளுக்கு அது குறி வைக்கவில்லை. ஆனால் கணக்கு எந்த வீட்டுக்கும் உதவும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதியில் திறக்கக்கூடிய பரப்பு, தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. பன்னிரண்டுக்குப் பத்து அறைக்கு இருபது சதுர அடி. ஐந்துக்கு நாலு ஜன்னல் ஒன்று போதுமே என்று தோன்றும். இரண்டு பலகை ஸ்லைடிங் என்றால் பாதிதான் திறக்கும்: பத்து சதுர அடி. கீல் வைத்த கதவென்றால் பதினெட்டு. யு.பி.வி.சி. வாங்குகிறவர்கள் நிறத்தையும் விலையையும் கேட்கிறார்கள், இதைக் கேட்பதில்லை.

பழைய டெல்டா வீடுகளின் நாலு கதவு ஜன்னல் இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. கீழ்ஜோடியைச் சாத்தி மேல்ஜோடியைத் திறந்தால் மறைவும் உண்டு, காற்றும் உண்டு. நாலையும் அடைத்துத் தாழிட்டால் புயலுக்குப் பலகைச் சுவர். மரம் சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. கடற்காற்று வரும் கிழக்கில் அகலமாகவும் மேற்கில் சிறியதாகவும் இப்படி வைத்து, இரட்டைக் கண்ணாடிக்கான பணத்தை வெளி நிழலுக்குச் செலவிடுவதே இந்த ஊர்க் கணக்கு. இரவு முழுக்க ஏ.சி. ஓடும் அறை ஒன்று இருந்தால், அதற்கு மட்டும் இரட்டைக் கண்ணாடியை யோசிக்கலாம்; அதற்கு முன்னால் இடுக்கு வழியே குளிர் கசியாமல் ரப்பர் பட்டை ஒட்டிப் பார்ப்பது மலிவு.

இனி உப்பு. 1930-ல் ராஜாஜி சட்டத்தை மீறி உப்பு அள்ளிய அகஸ்தியம்பள்ளியில் இன்றும் உப்பளம் உண்டு; காற்றுக்கு அந்த வரலாறு தெரியாது, இரும்பைத் தின்கிறது. யு.பி.வி.சி. துருப்பிடிக்காது என்பது சரி. அதன் திருகாணி பிடிக்கும், கீல் பிடிக்கும், சட்டத்துக்குள் செருகிய இரும்புப் பட்டையும் பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் 304 கடலோரத்தில் பழுப்பேறும். 316 தாங்கும், விலை கூடுதல். எதை வைத்தாலும் அவ்வப்போது நல்ல தண்ணீரில் துடைத்து, கீலுக்கு எண்ணெய் விட வேண்டும்.

கொசுவலை அடித்தால் வருகிற காற்றும் குறைந்துபோகுமே என்பவர்களுக்கு அடுத்த வாரம்.

(தொடரும்)