ஓடை வழி எல்லாம் ஊர் வழி அல்ல!

"காட்டில் வழி தவறினால் ஓடையைத் தேடு. அதன் போக்கிலேயே இறங்கு. ஊர் வந்து சேரும்." நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் யோசனை இது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இது ஓரளவு பலிக்கும். தாமிரபரணியோ வைகையோ, எந்த ஆற்றைப் பிடித்து இறங்கினாலும் கரையில் ஓர் ஊர் உண்டு. அந்தமான் காட்டில் இதையே நம்பி இறங்குகிறவர் முதலை வாழும் இடத்துக்குப் போய்ச் சேரக்கூடும்.

வேலைக்காக அந்தமான் வந்து, விடுமுறை நாளில் தன்னந்தனியாக ஓடை வழியே மலையேற ஆசைப்படும் தமிழ் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சேணம் போன்ற சிகரம்

அந்தமான் நிக்கோபார் தீவுகளிலேயே உயரமான இடம் சேடில் சிகரம். வடக்கு அந்தமானில் திக்லிப்பூர் அருகே, குதிரைச் சேணம் போல நடுவில் வளைந்து நிற்கிறது. உயரம் 732 மீட்டர். திருவண்ணாமலை இதைவிட உயரம். ஆனால் சேடில் சிகரத்துக்குக் கடல் மட்டத்திலிருந்தே ஏற வேண்டும். அதுவும் அடர்ந்த மழைக் காட்டின் நடுவே.

இந்த மலையில் பிறப்பதுதான் கல்பாங் ஆறு. வடக்கு நோக்கிச் சுமார் 35 கி.மீ. ஓடி ஏரியல் விரிகுடாவில் கலக்கிறது. 2001-ல் இதன் மீது 5.25 மெகாவாட் நீர் மின் நிலையம் அமைந்தது. இத்தீவுகளின் முதல் நீர் மின்சாரம் இதுதான்.

சிகரத்துக்கு முறையான பாதை உண்டு. லாமியா விரிகுடாவில் வனத்துறைச் சாவடியில் அனுமதி பெற்று, கடற்கரை ஓரமாகச் சிறிது தூரம் நடந்து, பிறகு காட்டுக்குள் ஏற வேண்டும். போக மட்டும் ஏறக்குறைய 8 கி.மீ. வழியில் ஓடைகள் குறுக்கிடும். ஆசை காட்டுவது இந்த ஓடைகள்தான். காட்டுக்குள் பிரம்பு முள் சட்டையைக் கிழிக்கும். அட்டை காலைப் பிடிக்கும். ஓடைக்குள் புதர் இல்லை, வெளிச்சம் உண்டு, குடிக்கத் தண்ணீரும் உண்டு. இதுவே நல்ல வழி என்று தோன்றும்.

ஏறுவது எளிது, இறங்குவது?

ஓடையில் ஏறினால் எதிரே அருவி வரும். ஆள் உயரம், இரண்டு ஆள் உயரம் என்று சின்னச் சின்ன அருவிகள். ஏறும்போது கை பிடிக்கும் இடம் கண்ணுக்கு எதிரே தெரியும். இறங்கும்போது கால் வைக்கும் இடம் தெரியாது. அந்தப் பாறையில் பாசி வேறு. இப்படி மூன்று நான்கு அருவிகளை ஏறிக் கடந்தவர், ஏறவே முடியாத பெரிய அருவியின் முன்னால் வந்து நிற்பார். மேலே போக வழியில்லை. வந்த வழியே இறங்கவும் துணிவில்லை.

கூட ஒருவர் இருந்தால் கை கொடுப்பார், அல்லது ஓடிப்போய் ஆள் அழைத்து வருவார். தனி ஆளுக்குக் கணுக்கால் பிசகினாலே போதும். அருவிச் சத்தத்தில் கூப்பிட்ட குரல் பத்தடி தூரம்கூடக் கேட்காது.

அடுத்த ஆபத்து மழை. குற்றாலத்தில் நீர்வரத்து கூடினால் போலீசார் குளிக்கத் தடை போடுவார்கள். இங்கே எச்சரிக்க யாரும் இல்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. மழை பெய்யும் தீவுகள் இவை. சென்னையின் மழையைப் போல இரண்டு மடங்கு. ஓடைகள் குறுகலானவை, செங்குத்தானவை. மேலே கொட்டும் மழை நிமிஷங்களில் கீழே வந்துவிடும். தெளிந்த நீர் கலங்கி, இலை சருகு மிதந்து வந்தால், உடனே கரையேறி மேட்டில் நிற்க வேண்டும். வேகமாக ஏறிய வெள்ளம் மழை விட்டால் வேகமாகவே வடியும். பொறுத்திருந்தால் பிழைக்கலாம், அவசரப்பட்டுக் குறுக்கே இறங்கினால் அடித்துக்கொண்டு போய்விடும்.

ஓடை முடியும் இடம்

அந்தமான் ஓடைகள் பல, ஊர் எதையும் தொடாமல் சுரபுன்னைக் காட்டு உப்பங்கழியில் போய் முடிகின்றன. அங்கே சேறு முழங்காலுக்கு மேல். உப்புநீர் முதலைகளின் இருப்பிடமும் அதுவே. அவை கடலிலும் நீந்தும். 2010-ல் ஹேவ்லாக் தீவில், கடலில் இருந்த ஒரு சுற்றுலாப் பயணியை முதலை தாக்கிக் கொன்றது.

சட்டமும் கவனிக்க வேண்டியது. தெற்கு, மத்திய அந்தமானில் ஜாரவா மக்களுக்கும், லிட்டில் அந்தமானில் ஓங்கி மக்களுக்கும் ஒதுக்கிய காடுகள் உள்ளன. 1956-ம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதியின்றி உள்ளே நுழைவது குற்றம். ஓடையைப் பின்பற்றி நடப்பவருக்கு எல்லை தெரியாது.

ஐந்து மணிக்கே இருட்டு

அந்தமான் இந்தியாவின் கிழக்குக் கோடியில் இருந்தாலும் கடிகாரம் ஒன்றுதான். டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைகிறது. மரங்கள் மூடிய ஓடைக்குள் அதற்கு முன்பே இருள் சூழ்ந்துவிடும். நடுப்பகலில் எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது நல்லது.

மழை குறைந்த ஜனவரி முதல் ஏப்ரல் வரை போகலாம். வனத்துறை அனுமதியும் பாதையும் தேவை. இறங்க முடியாத அருவியில் ஏறவே கூடாது. வழி தவறினால் ஓடையோடு இறங்காமல், தெரிந்த பாதையை விட்டு விலகிய இடத்துக்கே திரும்ப வேண்டும். அது முடியாவிட்டால் மேடான ஓர் இடத்தில் காத்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று உண்டு. பிழைக்க வந்தவர் பலர் அறை எடுத்துத் தங்குகிறவர்கள். குடும்பம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஓர் இரவு அறைக்கு வராவிட்டால், "வேறு நண்பன் வீட்டில் தங்கியிருப்பான்" என்று மற்றவர்கள் படுத்துவிடுவார்கள். தேட ஆரம்பிப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். ஆகவே எந்த மலை, எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று ஒரு தாளில் எழுதி, அறைத் தோழரிடம் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.