கார் அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டரும்: நாமே பொருத்தலாமா?

கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து கூடுதல் ராம் பொருத்தக் கற்றுக்கொண்டவர்களுக்கு அடுத்து வரும் ஆசை, காரின் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்ப்பதுதான். இன்றைய காரும் சக்கரம் வைத்த கம்ப்யூட்டரே. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கம்ப்யூட்டரில் தவறு செய்தால் விண்டோஸை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். காரில் செய்யும் தவறு எதிரே நிற்பவர் மீது மோதலாம். எனவே எதை நாமே செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்று பார்ப்போம்.

அலாரம் கிட்டில் என்ன இருக்கும்?

கன்ட்ரோல் யூனிட், சைரன், அதிர்வை உணரும் ஷாக் சென்சார், எல்.இ.டி. விளக்கு, இரண்டு ரிமோட், ஒரு கட்டு வயர் ஆகியவை இருக்கும். அண்ணா சாலையை ஒட்டியுள்ள ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் கார் ஆக்சஸரி கடைகளில் இவை கிடைக்கும். மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், ஹீட் ஷ்ரிங்க் குழாய் போன்றவற்றுக்கு ரிச்சி தெருவுக்குச் செல்லுங்கள்.

வாங்கும்போது ‘ரோலிங் கோட்’ வசதி உள்ளதா என்று கேளுங்கள். பழைய ரிமோட்டுகள் ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணைத்தான் அனுப்பும். இது எல்லோர் காதிலும் விழும்படி பாஸ்வேர்டைச் சொல்வது போன்றது. ஒருவர் பதிவு செய்து திருப்பி அனுப்பினால் கதவு திறந்துவிடும். ரோலிங் கோடில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி. போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் உடைக்க முடியாத பூட்டு அல்ல. பெரிதும் பயன்பட்ட கீலாக் என்ற ரோலிங் கோட் முறையை ஜெர்மனியின் போக்கும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் உடைத்துக் காட்டினார்கள். அலாரம் திருடனைத் தாமதப்படுத்தும், முழுமையாகத் தடுத்துவிடாது.

இன்னொன்று, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அமைப்பின் சான்று பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவி என்றால் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் சிறு தள்ளுபடி கிடைக்க வாய்ப்புண்டு. வாங்குவதற்கு முன்பே உங்கள் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும், வாரண்டி பற்றி டீலரிடமும் விசாரித்துவிடுங்கள்.

பொருத்தும் முறை

1. முதலில் வயர்களைக் கண்டுபிடியுங்கள். சாவித் துவாரத்தின் பின்னால் வரும் வயர்களை மல்டிமீட்டரால் சோதியுங்கள். சாவி இல்லாதபோதும் 12 வோல்ட் காட்டுவது பேட்டரி வயர். ஆன் நிலையிலும், ஸ்டார்ட் செய்யும்போதும் 12 வோல்ட் அளவில் காட்டுவது இக்னிஷன். ஸ்டார்ட் செய்யும் நொடியில் மட்டும் காட்டுவது ஸ்டார்ட்டர். ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் அணைந்து, பிறகு திரும்ப வருவது ரேடியோ போன்றவற்றுக்கான ஆக்சஸரி வயர். மஞ்சள் உறை போட்ட வயர்களை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அவை ஏர்பேக் வயர்கள்.

2. கண்டுபிடித்தபின் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு இணைப்பு வேலையை ஆரம்பியுங்கள். பாசிட்டிவ் வயரில், கிட்டில் சொல்லியுள்ள அளவுக்கு பியூஸ் அவசியம். எர்த் வயரைப் பெயிண்ட் சுரண்டிய இரும்புப் பகுதியில் போல்ட் போட்டு முடுக்குங்கள்.

3. வயர்களை வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். சென்னை வெயிலில் நிற்கும் காருக்குள் டேப்பின் பசை இளகிவிடும். சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள்.

4. வண்டியை முடக்கும் ரிலேயை ஸ்டார்ட்டர் வயரில் மட்டும் பொருத்துங்கள். இக்னிஷன் வயரை வெட்டி அங்கே பொருத்தினால், ரிலே பழுதாகும் நாளில் ஓடும் காரில் இன்ஜின் அணைந்துவிடும். கத்திப்பாரா மேம்பாலத்தில் அது நடந்தால் என்ன ஆகும்?

5. சைரனை பானெட்டுக்குள் வாய் கீழ் நோக்கி இருக்குமாறு பொருத்துங்கள். மழைநீர் தேங்காது. கன்ட்ரோல் யூனிட்டைத் தரைவிரிப்பின் கீழ் வைக்காமல் டேஷ்போர்டுக்குள் உயரமாகக் கட்டுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டபோது கார்கள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள்.

6. ஷாக் சென்சாரின் உணர்திறனைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள். அதிகமாக வைத்தால் தெருவில் பஸ் போனாலும் அலறும். தீபாவளி அன்று கேட்கவே வேண்டாம்.

அலாரம் எப்போதும் சிறிது மின்சாரம் எடுக்கும். 20 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் அவர், 30 நாளில் 14.4. சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர் அவர் அளவுதான். ஒரு மாதம் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் செல்லுங்கள்.

ரிமோட் ஸ்டார்ட்டர் வேண்டுமா?

கனடா போன்ற குளிர் நாடுகளில் காரைச் சூடாக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கோ, பாண்டி பஜாரில் வெயிலில் நின்ற காரை ஏ.சி. போட்டுக் குளிர்விக்க ஆசை. சாவி செய்யும் வேலையை ரிலேக்கள் செய்கின்றன: இக்னிஷனை ஆன் செய்து, ஸ்டார்ட்டரைச் சில நொடி சுழற்றி, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஸ்டார்ட்டரை விடுவிக்கும்.

இங்கேதான் ஆபத்து. உங்களுடையது மேனுவல் கியர் கார் என்றால், முதல் கியரில் நிறுத்திய காரை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால் அது முன்னால் பாயும். கிளட்ச்சை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாத கார்களில் கிளட்ச் சுவிட்ச் இந்தப் பாதுகாப்பைத் தருகிறது. ரிமோட் ஸ்டார்ட்டருக்காக அதை ஷார்ட் செய்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளப் பார்க்கிங்கில் காருக்கு முன்னால் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இதற்காக மேனுவல் கார் கிட்களில் ஒரு ஏற்பாடு உண்டு. நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஓடும்போதே சாவியை எடுத்துவிட்டு இறங்கிக் கதவைப் பூட்டினால் பின்னர் இன்ஜின் அணையும். அதன்பின் யாராவது கதவைத் திறந்தால் ரிமோட் ஸ்டார்ட் ரத்தாகிவிடும். ஆனால் நம் பழக்கம் என்ன? சரிவில் நிறுத்தினால் கியரில் விடுகிறோம். நெருக்கமான பார்க்கிங்கில், தள்ளி நகர்த்தட்டும் என்று ஹேண்ட் பிரேக் போடாமல் விடுகிறோம். இரண்டுமே இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராது.

இன்னும் மூன்று விஷயங்கள்:

• புதிய கார்களின் சாவிக்குள் ஒரு சிப் உண்டு. மாருதியில் இதை ஐ-கேட்ஸ் என்பார்கள். இந்தச் சிப் இல்லாமல் இன்ஜின் ஓடாது. இதற்காக மாற்றுச் சாவியைக் காருக்குள்ளேயே ஒளித்து வைக்கச் சொல்வார்கள். மானிட்டரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டுவது போன்ற யோசனை அது.

• மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126-ன்படி பொது இடத்தில் நிற்கும் வாகனத்தில் லைசென்ஸ் உள்ளவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும். எனவே தெருவில் ஆளில்லாத காரை ரிமோட்டில் ஓடவிடுவது சட்டத்துக்குப் பொருந்தாது.

• மூடிய பேஸ்மென்டில் இன்ஜின் ஓடினால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, உயிரையே பறிக்கும்.

என்ன செய்யலாம்?

அலாரத்தை, பொறுமையாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால் நீங்களே பொருத்தலாம். ரிமோட் ஸ்டார்ட்டர் வேண்டுமென்றால், ஆட்டோமேட்டிக் கியருடன் தொழிற்சாலையிலேயே அந்த வசதி வைத்து வரும் காராகப் பார்த்து வாங்குங்கள். சென்னை அருகே தயாரான ஹூண்டாய் வென்யூ 2019-ல் ப்ளூலிங்க் மூலம் இதைத் தந்தது. மேனுவல் கார் வைத்திருப்பவர்கள் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஏ.சி.யுடன் இரண்டு நிமிடம் ஓட்டினாலே போதும், உள்ளிருக்கும் சூடு வெளியேறிவிடும். இதற்குச் செலவும் இல்லை, ஆபத்தும் இல்லை.