பதின்பருவமும் போதைப்பொருளும்: வெஸ்ட் வின்ட்சர் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

போதைப் பழக்கம் மூளையைப் பற்றும் நோய். திட்டமிடவும், விளைவை எண்ணிப் பார்க்கவும், ஆசையை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி 25 வயதை ஒட்டியே முழு வளர்ச்சி பெறுகிறது. இன்பத்தை நாடும் பகுதியோ பதின்பருவத்திலேயே வேகமெடுத்துவிடுகிறது. இந்த இடைவெளியில் நுழையும் நிகோட்டினும் கஞ்சாவும் மதுவும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளை விரைவாகவும் ஆழமாகவும் பிடித்துக்கொள்கின்றன. முதல் பழக்கம் எவ்வளவு தள்ளிப்போகிறதோ, அடிமையாகும் ஆபத்தும் அவ்வளவு குறையும்.

படிப்பின் அழுத்தம்

நியூ ஜெர்சியின் மெர்சர் மாவட்டத்தில் உள்ள வெஸ்ட் வின்ட்சருக்குத் தமிழ்க் குடும்பங்கள் பல, நல்ல பள்ளிகளை நாடியே குடிவருகின்றன. அந்தப் பள்ளிகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2015 அக்டோபரில் வெஸ்ட் வின்ட்சர்-பிளெய்ன்ஸ்பரோ கல்வி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் டேவிட் அடர்ஹோல்ட் பெற்றோருக்கு 16 பக்கக் கடிதம் ஒன்று எழுதினார். அதற்கு முந்தைய கல்வியாண்டில் நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 120 பேர் மனநல மதிப்பீட்டுக்குப் பரிந்துரைக்கப்பட்டதையும், 40 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதையும் அதில் வெளிப்படையாகச் சொன்னார். உயர்நிலைப் பள்ளியின் இடைத்தேர்வுகளும் இறுதித்தேர்வுகளும் கைவிடப்பட்டன; வீட்டுப்பாடம் இல்லாத இரவுகள் வந்தன.

மன அழுத்தம் உள்ள பிள்ளைகள் எல்லாரும் போதையை நாடுவதில்லை. ஆனால் தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு ஆகியவை போதைக்கு இட்டுச்செல்லும் முக்கியக் காரணங்கள். ப்ரின்ஸ்டன் ஜங்ஷனிலிருந்து ரயிலேறி நியூயார்க் சென்று இரவில் திரும்பும் பெற்றோரின் வீடுகளில், பள்ளி விட்டபின் பிள்ளை தனித்திருக்கும் மாலைப்பொழுது நீளமானது. அந்த நேரத்துக்கு ஒரு விளையாட்டோ, இசையோ, தன்னார்வப் பணியோ, பக்கத்துவீட்டுப் பெரியவரின் துணையோ இருப்பது நல்லது.

கைக்கெட்டும் பொருள்கள்

வேப் (மின்சிகரெட்): பார்ப்பதற்கு யுஎஸ்பி போல, பேனா போல இருக்கும். இதில் நிகோட்டினோ கஞ்சா எண்ணெயோ இருக்கலாம். புகை நாற்றம் வராததால் வீட்டில் எளிதில் கண்ணில் படாது.

கஞ்சா: நியூ ஜெர்சி 2021இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது, கடை விற்பனை 2022 ஏப்ரலில் தொடங்கியது. அந்த அனுமதி 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே. மிட்டாய் வடிவில் வருவதைச் சாப்பிட்டால் போதை தாமதமாக ஏறும். அதனால் பிள்ளைகள் அளவு தெரியாமல் மேலும் மேலும் உண்டுவிடுவார்கள். நாடு தழுவிய கூட்டரசுச் சட்டம் கஞ்சாவை இன்றும் அனுமதிக்கவில்லை. எச்-4 விசாவிலோ கிரீன் கார்டிலோ உள்ள பிள்ளையின் குடியேற்ற நிலையையே ஒரு போதைப்பொருள் வழக்கு குலைத்துவிடலாம்.

மாத்திரைகள்: கவனக்குறைபாட்டுக்குத் தரப்படும் அடரால் போன்றவற்றைப் பரீட்சைக்கு முன் நண்பரிடம் வாங்கி விழுங்கும் வழக்கம் உண்டு. கள்ளச் சந்தை மாத்திரையில் ஃபென்டனில் என்ற ஓபியாய்டு வலிநீக்கி கலந்திருக்கக்கூடும். அது ஹெராயினைவிட ஏறத்தாழ 50 மடங்கு வீரியமுள்ளது. 2 மில்லிகிராமே உயிரைப் பறிக்கலாம். பார்த்தோ முகர்ந்தோ அதைக் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டு மருந்துப்பெட்டி: ஞானப்பல் பிடுங்கியபின் மீந்த வலிமாத்திரைகளும் அபாயமே. அவற்றைப் பூட்டி வைக்க வேண்டும். தேவை முடிந்ததும், பழைய மருந்துகளைப் பெற்றுக்கொள்ள வைக்கப்பட்டிருக்கும் பெட்டிகளில் சேர்த்துவிட வேண்டும்.

அறிகுறிகள்

மதிப்பெண் திடீரெனச் சரிவது, பழைய நண்பர்களை விட்டுவிலகுவது, காரணமற்ற எரிச்சல், தூக்கமும் பசியும் மாறுவது, பணம் காணாமல் போவது, சிவந்த கண், எப்போதும் தாழிட்ட அறை ஆகியவை கவனிக்க வேண்டியவை. இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பருவ வயதின் இயல்பாகவும் இருக்கலாம். பல ஒன்றுசேர்ந்து சில வாரங்கள் நீடித்தால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பேசும் முறை

பேச்சை வழக்கமான பொழுதுகளில் தொடங்குவது எளிது: காரில் போகும்போது, இரவுச் சாப்பாட்டின்போது. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலை முழுதாகக் கேட்பது முதல் படி. வீட்டின் விதி என்ன, மீறினால் என்ன நடக்கும் என்பது முன்பே தெளிவாக இருக்க வேண்டும். எந்த இரவிலும் அழைத்தால் கேள்வி கேட்காமல் வந்து அழைத்துச்செல்வோம் என்ற வாக்கு ஒரு பிள்ளையின் உயிரைக் காக்கும். அடியும், உறவினர்முன் அவமானப்படுத்துவதும் பிள்ளையை மேலும் ஒளியவைக்கும்.

“நாலு பேர் என்ன நினைப்பார்கள்” என்ற தயக்கமே சிகிச்சையைத் தாமதப்படுத்தும் பெரிய தடை. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அதன் டி.டி.கே. மருத்துவமனை நோயாளியோடு குடும்பத்தினருக்கும் ஆலோசனை தந்தது. 1992இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். குடும்பத்தின் துயரத்தை மூடி மறைக்காமல் மருத்துவத்தின் முன் வைத்த அவரது வழி எந்த ஊருக்கும் பொருந்தும்.

உதவி கிடைக்கும் இடங்கள்

பள்ளியில் மாணவர் உதவி ஆலோசகரும் செவிலியரும் முதல் தொடர்புகள். குழந்தைநல மருத்துவரிடமும் கேட்கலாம். நியூ ஜெர்சி மாநிலத்தின் பிள்ளைகளுக்கான சேவை அமைப்பை 1-877-652-7624 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். போதை சிகிச்சையும் இதன்வழி ஏற்பாடாகும். போதை தொடர்பான மாநில உதவி எண் 1-844-732-2465. நாடு முழுவதற்குமான உதவி எண் 1-800-662-4357. தற்கொலை எண்ணமோ கடும் மனநெருக்கடியோ இருந்தால் 988. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

சிகிச்சை பிள்ளையின் நிலைக்கேற்ப அமையும்: வாரத்துக்குச் சில மணி நேர ஆலோசனை, தீவிர வெளிநோயாளர் சிகிச்சை, தங்கிப் பெறும் சிகிச்சை. சிந்தனைப் போக்கை மாற்றப் பழக்கும் சிகிச்சையும் குடும்ப ஆலோசனையும் பயன் தருபவை. ஒருமுறை மீண்டும் வழுக்கினால் சிகிச்சை தோற்றதாகப் பொருளில்லை. சர்க்கரை நோயைப்போல இதற்கும் தொடர் கவனம் தேவை.

அவசர நிலையில்

மயக்கம், மெதுவான அல்லது நின்ற மூச்சு, நீலம் பாரித்த உதடு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி ஆகியவை ஓபியாய்டு மருந்து அளவு மீறியதற்கான அடையாளங்கள். உடனே 911 அழைத்து, ஓபியாய்டின் விளைவை முறிக்கும் நலாக்சோன் தெளிப்பை மூக்கில் செலுத்த வேண்டும். இரண்டு, மூன்று நிமிடங்களில் மாற்றம் இல்லாவிட்டால் இரண்டாவது தெளிப்பு தேவை. மூச்சு வரத்தொடங்கியதும் பக்கவாட்டில் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை உடனிருக்க வேண்டும். நலாக்சோனின் வீரியம் 30 முதல் 90 நிமிடங்களில் தணியும் என்பதால், விழித்துவிட்டாலும் மருத்துவ உதவி தேவை. உண்மையில் ஓபியாய்டு இல்லையென்றாலும் அது தீங்கு செய்யாது.

நியூ ஜெர்சியில் 14 வயது நிறைந்த எவரும், பெயர் சொல்லாமல், இதற்கான மாநிலத் திட்டத்தில் சேர்ந்துள்ள மருந்துக்கடைகளில் நலாக்சோனை இலவசமாகப் பெறலாம்; இந்த ஏற்பாடு 2023இல் தொடங்கியது. உதவிக்கு அழைப்பவரும் பாதிக்கப்பட்டவரும் போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவும் வைத்திருந்ததற்காகவும் கைதாகாதபடி 2013ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. நண்பன் மயங்கிக் கிடந்தால் பயந்து ஓடாமல் 911 அழைக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்கு இன்றே சொல்லிவைப்போம்.