குமாஸ்தா இல்லாத கவுண்ட்டர்

வீடு மாறினால், பாங்கில் விலாசம் மாற்ற ஒரு காலத்தில் அரை நாள் லீவு போட வேண்டும். ஃபாரம் வாங்கி, பேனா இரவல் வாங்கி, மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு, ‘சார் லஞ்ச்சுக்குப் போயிருக்கார்’ என்ற பதிலையும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். இன்றைக்கு செல்போனில் இரண்டு தட்டு. பச்சை டிக் வந்து, ‘ப்ரொஃபைல் அப்டேட் ஆகிவிட்டது’ என்கிறது. சௌகரியம்தான். ஆனால், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மை சந்தேகத்தோடு பார்த்தாரே ஒரு குமாஸ்தா, அவர் எங்கே போனார்?

அவர் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பதன் பெயர் ஏபிஐ. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமிடம் வேலை கேட்கிற ஜன்னல், அவ்வளவுதான். நான் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இந்த ஜன்னலோடு தினசரி பழக்கம்.

உங்கள் போனில் இருக்கும் ஆப் ஒரு சீட்டு எழுதி, இன்டர்நெட் வழியாக உள்ளே நீட்டுகிறது. அதில் நாலு சமாசாரம். யாருடைய கணக்கு? உதாரணத்துக்கு 4521. என்ன வேலை? மாற்ற வேண்டும். எதை? மொபைல் நம்பரை. கேட்பது யார்? அதற்கு அத்தாட்சியாக டோக்கன் என்று ஒரு நீள எழுத்துக் கோவை. லாகின் செய்தபோது கொடுத்த அனுமதிச் சீட்டு. சர்வர் இதைப் படித்து, மாற்றி எழுதிவிட்டு, 200 என்று ஒரு எண்ணைப் பதிலாக அனுப்பும். ‘ஆச்சு, போய்ட்டு வாங்க’ என்று அர்த்தம்.

கிழிப்பதா, ஒட்டுவதா?

மாற்றச் சொல்வதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ‘புட்’ என்றால், பழைய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நான் கொடுப்பதை வை என்று பொருள். ‘பேட்ச்’ என்றால் தையல்காரர் வேலை. கிழிந்த இடத்தில் மட்டும் ஒட்டுப் போடு. பேட்சுக்கு முறையான விதி வகுத்தது 2010-ல்தான். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தால் போச்சு.

ஓர் ஆபீஸில் இந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்தேன். டிபார்ட்மென்ட் பெயர் மாறியது. எல்லா ஊழியர்கள் கணக்கிலும் அதை மாற்ற ஒரு குட்டிப் புரோகிராம் எழுதினார்கள். பேட்ச் போட வேண்டிய இடத்தில் புட். டிபார்ட்மென்ட் பெயர் ஜோராக மாறியது. ஈமெயில், விலாசம், பாங்க் கணக்கு எண் எல்லாம் காலி! தேதி 28 வேறு. அன்று அங்கே கேட்ட வசவுகளை அச்சிட முடியாது. பேக்கப் இருந்ததால் சம்பளம் தப்பியது.

இன்னொரு வம்பும் உண்டு. ஒரே கணக்கைக் கணவன் போனிலும் மனைவி லேப்டாப்பிலும் திறக்கிறார்கள். மனைவி புது விலாசத்தை எழுதி ‘சேவ்’ அழுத்துகிறார். கணவர் திரையில் இருப்பதோ பழைய விலாசம். அவர் மொபைல் நம்பரை மட்டும் மாற்றி முழு ஃபாரத்தையும் அனுப்ப, மனைவி எழுதிய விலாசம் அம்பேல். கடைசியாக அழுத்தியவர் கட்சி ஜெயித்துவிடுகிறது. இதற்கு வைத்தியம், ‘ஈடேக்’ என்கிற பதிப்பு முத்திரை. ஏட்டில் எழுத்து மாறினால் முத்திரையும் மாறும். பழைய முத்திரையோடு வருகிறவரை, ‘நீங்க பார்த்தது பழைய ஏடு சார்’ என்று 412 எண்ணைக் காட்டித் திருப்பி அனுப்பலாம்.

இதெல்லாம் கவனக்குறைவு. வேண்டுமென்றே வருகிறவர்கள் கதை வேறு.

சொன்னதையெல்லாம் எழுதும் கை

2012 மார்ச். உலகமெங்கும் புரோகிராமர்கள் தங்கள் சரக்கை வைத்திருக்கும் இடம் கிட்ஹப். அது ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’ என்ற சாதனத்தால் கட்டியது. ரெயில்ஸில் ஒரு வசதி: ஃபாரத்தில் என்னென்ன கட்டங்கள் வருகின்றனவோ, அத்தனையையும் ஏட்டில் அப்படியே நிரப்பிவிடலாம். ‘இது ஆபத்து’ என்று யெகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் ரெயில்ஸ்காரர்களை எச்சரித்தார். அதைப் பார்த்துக்கொள்வது புரோகிராம் எழுதுகிறவர் பொறுப்பு என்று தள்ளிவிட்டார்கள்.

இளைஞர் செய்து காட்டினார். கிட்ஹப்பில் தன் கணக்கின் சாவிக்கான ஃபாரத்தில், அதில் இல்லாத ஒரு கட்டத்தைத் தானே நுழைத்தார். ‘யூஸர் நம்பர்’ என்று போட்டு, ரெயில்ஸ் குழுவின் எண்ணை எழுதினார். சர்வர் சமர்த்தாக அதையும் பதிந்துகொண்டது. அவருடைய சாவி ரெயில்ஸ் வீட்டுக் கதவைத் திறந்தது! உள்ளே போய் ஒரு ஃபைலை வைத்துவிட்டு வந்தார். கிட்ஹப் ஓட்டையை அடைத்து, அவர் கணக்கை முடக்கி, பிறகு திருப்பிக் கொடுத்தது. 2013-ல் வந்த ரெயில்ஸ் 4, எந்தெந்தக் கட்டங்களை ஏற்கலாம் என்று முன்கூட்டியே பட்டியல் போடும் முறையைக் கொண்டுவந்தது.

ஆள் நல்லவர், அதனால் ஒரு ஃபைலோடு விட்டார். அதே ஓட்டை ஒரு பாங்கில் இருந்து, விலாசம் மாற்றும் சீட்டில் ஒருவன் ‘பாக்கி: 10 லட்சம்’ என்றோ ‘பதவி: மேனேஜர்’ என்றோ ஒரு வரி சேர்த்தால்?

அதைவிடச் சுலபமான திருட்டும் உண்டு. சீட்டில் 4521 என்பதை 4522 ஆக்குவது. டோக்கன் அசல்தான், ஆனால் கணக்கு பக்கத்து வீட்டுக்காரருடையது. உள்ளே விடலாமா என்று மட்டும் பார்த்துவிட்டு, யார் கணக்கைத் தொடுகிறான் என்று பார்க்காத சர்வர் மாட்டிக்கொள்ளும். ஏபிஐ ஆபத்துகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் என்ற அமைப்பின் 2019 பட்டியலில் முதலிடம் இதற்குத்தான். 2023-ல் பட்டியலைத் திருத்தினார்கள். முதலிடம் மாறவில்லை.

ஆக, அந்தக் குமாஸ்தா பார்வையாலேயே கேட்ட மூன்று கேள்விகளை யாராவது புரோகிராமில் எழுதியாக வேண்டும். நீ யார்? இது உன் கணக்கா? இந்தக் கட்டத்தில் எழுத உனக்கு உரிமை உண்டா? முதல் கேள்வியை எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். மற்ற இரண்டும், ‘அடுத்த வாரம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போகின்றன.

உங்களுக்கு ஒரு வார்த்தை. ‘உங்கள் மொபைல் நம்பர் மாற்றப்பட்டது’ என்று ஒரு மெயில் வந்து, நீங்கள் மாற்றவில்லை என்றால், டீ குடித்துவிட்டு வந்து பார்க்கலாம் என்று விடாதீர்கள். உடனே பாங்குக்கு போன் போடுங்கள். அதேபோல, நீங்களே நம்பரை மாற்றும்போது ஆப் மறுபடி பாஸ்வேர்டு கேட்டு, பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி, புது நம்பருக்கு ஒரு ஓடிபி என்று படுத்தினால், ‘இதுக்கு எதுக்குய்யா இத்தனை கெடுபிடி’ என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நம்பர் மாறினால் ஓடிபி போகும் திசை மாறும். ஓடிபி போகிற திசையில்தான் உங்கள் பணமும் போகும்.