அளவறிந்து உபசரிக்கும் ஒயின் சுவைக்கூடம்

பள்ளி விடுமுறையில் பெர்த் நகருக்குச் செல்லும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களின் பயணப் பட்டியலில் சுவான் பள்ளத்தாக்கும் இடம்பெறுவதுண்டு. நகரிலிருந்து காரில் ஏறக்குறைய அரை மணி நேரத்தில் சென்றடையக்கூடிய இப்பகுதி, மேற்கு ஆஸ்திரேலியாவின் மிகப் பழைய ஒயின் வட்டாரமாகும். 1840இல் தொடங்கப்பட்ட சாண்டல்ஃபோர்ட் உட்பட இங்குள்ள பல ஒயின் தோட்டங்கள், வருகையாளர்களுக்காகச் சுவைக்கூடங்களை நடத்தி வருகின்றன. ‘செல்லர் டோர்’ என்பது அங்கு வழங்கும் பெயர்.

மதுபானக் கூடத்திற்குக் குடும்பத்தோடு போகலாமா என்று தயங்குவோர் நம்மில் பலர். இலவசமாகக் குடிக்கும் இடம் என்று எண்ணிப் போவோரும் சிலர். சுவைக்கூடத்தின் நடைமுறை தெரிந்தால் இரு சாராருக்கும் குழப்பம் இராது.

சிறிய ஊற்று, நிதானமான பேச்சு

வருகையாளர் அமர்ந்ததும் பணியாளர் ஒரு பட்டியலைக் கொடுத்து, வழக்கமாக என்ன சுவை பிடிக்கும் என்று கேட்பார். ஒவ்வொரு வகையிலும் ஏறக்குறைய 20 முதல் 30 மில்லிலிட்டர் மட்டுமே ஊற்றப்படும். மென்மையான வெள்ளை ஒயின் முதலில், அடர்த்தியான சிவப்பு ஒயின் அடுத்து, இனிப்பு வகை கடைசியில் என்பது பொதுவான வரிசை. கடுஞ்சுவை முதலில் வந்தால் பின்வரும் மென்சுவை நாவில் தெரியாமல் போகும்.

இடையிடையே எந்தத் திராட்சை, எந்த ஆண்டு அறுவடை, எப்படிப் பதப்படுத்தப்பட்டது என்று பணியாளர் விளக்குவார். சுவான் பள்ளத்தாக்கில் செனின் பிளாங்க், வெர்டெல்ஹோ ஆகிய வெள்ளை வகைகள் பெயர் பெற்றவை. காரமான கறிக்கு எது பொருந்தும் என்று கேட்டால், சற்றே இனிப்புள்ள வெள்ளை வகையை அனுபவமுள்ளவர் காட்டுவார். மதுவின் செறிவும் சிவப்பு ஒயினின் துவர்ப்பும் மிளகாய்க் காரத்தை இன்னும் தூக்கிக் காட்டும் என்பதே காரணம். ஒயின் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொல்பவரிடமும் ஏளனமின்றிப் பேசுவதே இந்தத் தொழிலின் முதல் பாடம்.

மேசையில் ஒரு பாத்திரம் வைக்கப்பட்டிருக்கும். சுவைத்ததைத் துப்பவும், மீதியைக் கொட்டவும் அது பயன்படுகிறது. கொடுத்ததைத் துப்புவது நம் வழக்கத்தில் அவமரியாதை. அங்கே அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பல இடங்களில் சுவைப்பதற்குக் கட்டணம் உண்டு. ஒரு போத்தல் வாங்கினால் அதைக் கழித்துக்கொள்ளும் இடங்களும் உள்ளன. வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மறுக்கவும் பயிற்சி

ஆஸ்திரேலியாவில் 10 கிராம் ஆல்கஹால் ஒரு நிலையான அளவாகக் கணக்கிடப்படுகிறது. 30 மில்லிலிட்டர் வீதம் ஐந்து ஒயின்களை முழுதாக விழுங்கினால், ஏறக்குறைய ஒன்றரை அளவு உடலில் சேர்ந்துவிடும். ஒரே நாளில் மூன்று கூடங்களுக்குப் போனால் இது மூன்று மடங்காகும். இரத்தத்தில் ஆல்கஹால் 0.05 விழுக்காட்டை எட்டிய நிலையில் வாகனம் ஓட்டுவது அங்கு குற்றம்.

இதனால்தான் மேற்கு ஆஸ்திரேலியாவில் மது பரிமாறுவோர் ‘பொறுப்புடன் மது பரிமாறுதல்’ பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அங்கு படிக்கச் சென்று பகுதிநேரமாகப் பரிமாறும் வேலை பார்க்க விரும்பும் நம் மாணவர்களுக்கும் இது பொருந்தும். பேச்சுத் தடுமாறுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கவனிப்பதும், போதையேறியவருக்கு ஊற்ற மறுப்பதும் பணியாளரின் கடமை. மீறினால் சட்டம் தண்டிக்கும். பிறர் முன்னிலையில் அவமானப்படுத்தாமல், தண்ணீர் கொடுத்து, உடன் வந்தவரிடம் மெதுவாகச் சொல்லி, வாடகைக் காருக்கு ஏற்பாடு செய்வதில்தான் அவரது திறமை வெளிப்படும்.

நம் சமூகத்திற்கு இது சிறிய செய்தியன்று. தோட்டப்புறங்களில் கூலி வாங்கிய கை நேராகக் கள்ளுக்கடைக்குப் போன காலம் இருந்தது. கெடாவில் 1946, 1947ஆம் ஆண்டுகளில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் களமிறங்கினர். பின்னாளில் மலிவுச் சம்சு பல குடும்பங்களைச் சிதைத்தது. “போதும்” என்று சொல்ல அந்தக் கடைகளில் ஆளில்லை. அப்படிச் சொல்வதைச் சுவைக்கூடப் பணியாளரின் வேலையாகவே சட்டம் ஆக்கியிருக்கிறது.

செல்வோர் கவனத்திற்கு

அங்கு மது அருந்தும் வயது 18. மலேசியாவில் மது வாங்கும் வயது 21. இளையோர் கடப்பிதழைக் கையில் வைத்திருப்பது நல்லது. குழுவாகச் செல்வோர் முன்பதிவு செய்யலாம். வாகனம் ஓட்டப்போகிறவர் யார் என்பதைத் தங்குவிடுதியிலேயே முடிவு செய்துகொண்டு, அதைப் பணியாளரிடமும் முதலிலேயே சொல்லிவிடலாம். வெறும் வயிற்றோடு போகாமல் சாப்பிட்டுவிட்டுச் செல்வதும் அவசியம்.