கிழக்கு நோக்கும் பவானி

மலைநாடு என்றதும் நம்மவர் மனம் இமயச் சாரலுக்கே ஓடினாலும், கோயம்புத்தூருக்கு மேற்கே, பாலக்காடு ஜில்லாவில், அகளி, புதூர், சோலையூர் என்னும் மூன்று பஞ்சாயத்துகளாய் விரிந்து கிடக்கும் அட்டப்பாடி, தனக்கென்று ஒரு சரித்திரமும் சம்பிரதாயமும் உடைய மலைப்பிரதேசமாகும். நீலகிரியில் ஜனித்து இறங்கிவரும் பவானி, கேரள நதிகளிற் பெரும்பாலானவற்றைப் போல மேற்குக் கடலை நாடாமல், முக்காலி என்னும் ஊரருகே திரும்பிக் கிழக்கே தமிழகம் புகுந்து காவிரியோடு கலக்கிறது. மேற்கே அடைமழையும் அடர்வனமுமாய் இருக்கும் இம்மலை, கிழக்கே செல்லச் செல்ல மழை மறைவில் வறண்ட கரடாகிவிடுவது பார்ப்பவரை வியக்கச் செய்யும்.

இருளர், முடுகர், குறும்பர் ஆகியோர் இங்கே ஆதிகுடிகள். ஊருக்குத் தலைவர் மூப்பன். ஆயினும், மண்ணின் குணமறிந்து விதைப்புக்கு முன்னின்று சடங்கு நடத்தும் மண்ணுக்காரன் என்ற ஸ்தானமே என் மனத்தை மிகவும் கவர்ந்தது. வேளாண்மையை வழிபாடாகவே கொண்ட சமூகத்தில்தான் அத்தகைய பதவி தோன்ற முடியும். சிவராத்திரியன்று அவர்கள் தொழும் தெய்வம், மல்லீசுவரன் முடி என்னும் சிகரமே.

அவர்கள் வயலில் விளையும் அவரையொன்று, ஆட்டின் கொம்பெனவே வளைந்து, ஊதா நிறம் படர்ந்திருக்கும். பெயரும் ஆட்டுக்கொம்பு அவரையே. அதற்கும் அட்டப்பாடித் துவரைக்கும் 2022ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.